சுருங்கினது விரியாதா?

டாக்டர் எக்கோ அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “வால்வு சுருங்கியிருக்கும்மா” என்றார். அம்மா தலையாட்டிக்கொண்டாள். அவளுக்கு 72 வயது. கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒருநாள் கொடியில் துணி காயப்போடும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதனால்தான் கூட்டிப்போயிருந்தேன். டாக்டர் பொறுமையானவர். காகிதத்தில் படம் போட்டுக்கூடக் காட்டினார். ஆனால் வெளியே வரிசை நீளமாக இருந்தது. கையில் ஒரு துண்டறிக்கையைக் கொடுத்து, “தமிழ்லயே எல்லாம் போட்டிருக்கு, படிச்சுட்டு அடுத்த வாரம் வாங்க” என்று அனுப்பிவைத்தார்.

ஆட்டோவில் வரும்போது அம்மா கேட்டாள்.

“ஏண்டி, சுருங்கினதை விரிக்க முடியாதாமா?”

“விரிக்கவா?”

“ஆமா. காட்டன் புடவை சுருங்கினா தண்ணி தெளிச்சு, ரெண்டு பேரு ரெண்டு பக்கம் புடிச்சு இழுத்துவிடறோம்ல. மருந்து கொடுத்தா விரியாதா?”

நான் என்ன சொல்வதென்று தெரியாமல் முழித்தேன். மொழிபெயர்ப்புதான் எனக்குச் சோறு போடுகிற வேலை. மருத்துவக் கையேடுகள் நிறையச் செய்திருக்கிறேன். இதே “வால்வு சுருக்கம்” என்ற சொல்லை நானே எத்தனையோ முறை எழுதி, பிழை திருத்தி, சரியென்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அதைப் படிக்கிறவர் மனதில் ஒரு புடவை வந்து நிற்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

ராத்திரி அம்மா தூங்கிய பிறகு துண்டறிக்கையை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத் தலைப்பு “பெருந்தமனி வால்வு சுருக்கம்”. இரண்டாம் பக்கத்தில், “இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் இரத்தம் வெளியேற்றப்படுகிறது” என்று ஒரு வரி. கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி, “நோயாளியின் விவரச் சுருக்கம்”. ஒரே சொல், மூன்று வேலை. முதலாவது நோய். இரண்டாவது நோயே இல்லை, நாம் உயிரோடிருப்பதற்குக் காரணமே அதுதான். மூன்றாவது ஒரு படிவம்.

இரண்டாவதைக் கொஞ்சம் கவனியுங்கள். இதயம் என்பது சுருங்கி விரிகிற தசை. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தோம், சரியான தமிழும் அதுதான். இரத்த அழுத்தம் 120, 80 என்று சொல்கிறார்களே, அதில் மேல் எண் இதயம் சுருங்கும்போது இருக்கும் அழுத்தம், கீழ் எண் விரியும்போது இருப்பது. சுருங்காத இதயம் நின்றுபோன இதயம். அப்படியிருக்க, அதே இதயத்தின் வாசலில் உட்கார்ந்திருக்கும் வால்வு “சுருங்கியிருக்கிறது” என்றால் அம்மா எப்படிப் புரிந்துகொள்வாள்? சுருங்கினது திரும்ப விரியும் என்றுதான். அவள் மேல் தப்பே இல்லை. தமிழ் அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

உண்மையில் அங்கே நடப்பது வேறு. பெருந்தமனி வால்வில் மூன்று இதழ்கள். இதயம் சுருங்கும்போது திறந்து இரத்தத்தை விட்டுவிட்டு, உடனே மூடிக்கொள்ளும். வயதாக ஆக, சிலருக்கு அந்த இதழ்களில் கால்சியம் படிகிறது. எங்கள் ஊர் போர்த் தண்ணீரில் வெந்நீர் போட்டால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஓடு கட்டுமே, கிட்டத்தட்ட அப்படி. மெல்லிய பட்டுத்துணி மாதிரி இருக்க வேண்டிய இதழ் தடித்து விறைத்துப்போகிறது. முழுக்கத் திறப்பதில்லை. ஆரோக்கியமான ஒருவருக்கு அந்த வாய் திறந்தால் 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் இருக்கும். ஏறக்குறைய நம் ஒரு ரூபாய் நாணயம் அளவு. 1 சதுர சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கடுமையான கட்டம் என்கிறார்கள். அம்மாவுக்கு 0.8. சட்டைப் பொத்தான் அளவு. அந்தப் பொத்தான் வழியாக உடம்பு முழுவதுக்குமான இரத்தத்தையும் தள்ள வேண்டுமென்றால் இதயம் எவ்வளவு முக்க வேண்டும்!

ஆக, வால்வு சுருங்கவே இல்லை. இதழ்கள் இறுகியிருக்கின்றன. அதனால் வாய் குறுகியிருக்கிறது.

இதை எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அம்மா கேட்டது மருத்துவக் கேள்வி மட்டும் இல்லை, ஒரு சொல் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கான சோதனையும்கூட. இறுக்கத்தையும் ஒடுக்கத்தையும் சொல்ல நம்மிடம் ஒரு கூடை சொற்கள் இருக்கின்றன. எதை எங்கே போடுவது என்று குழம்பினால் அதன் எதிர்ச்சொல்லைக் கேட்டுப் பார்த்தால் போதும். சுருங்கினது விரியும், அல்லது பெருகும். குறுகினது அகலும். இறுகினது இளகும், அல்லது தளரும். நெருங்கினது விலகும். எதிர்ச்சொல் அந்த இடத்தில் பொருந்தவில்லை என்றால் சொல்லையே தப்பாகப் போட்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

தொட்டாற்சுருங்கியைப் பாருங்கள். விரல் பட்டதும் இலைகளை மடக்கிக்கொள்ளும். சில நிமிடம் கழித்துத் தானாக விரித்துக்கொள்ளும். விரியாவிட்டால் அந்தப் பெயர் இவ்வளவு பொருந்தியிருக்காது. “ஆக்கிரமிப்பால் சுருங்கிய ஏரி” என்று நாளிதழில் அடிக்கடி தலைப்பு வரும். முன்பெல்லாம் அது எனக்கு உறுத்தும், ஏரி என்ன துணியா என்று. இப்போது உறுத்துவதில்லை. அந்தத் தலைப்பைப் போட்ட உதவி ஆசிரியர் மனதில் ஆக்கிரமிப்பை அகற்றினால் ஏரி பழையபடி விரியும் என்ற நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல நம்பிக்கைதான்.

திருக்குறளில் இது இன்னும் அழகாக இருக்கிறது. மானம் அதிகாரத்தில்:

பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய
சுருக்கத்து வேண்டும் உயர்வு.

செல்வம் பெருகியிருக்கும்போது பணிவு வேண்டும், அது சுருங்கிய காலத்தில் நிமிர்ந்து நிற்க வேண்டும். வறுமை, இன்மை, நல்குரவு என்று எத்தனையோ சொற்கள் வள்ளுவர் கையில் இருந்தன. ‘நல்குரவு’ என்று ஓர் அதிகாரமே பாடியிருக்கிறார். இங்கே அவற்றையெல்லாம் விட்டுவிட்டுச் சுருக்கம் என்கிறார். எதுகைக்காக என்று சொல்லிவிடலாம். எனக்கென்னவோ அது மட்டும் காரணம் என்று படவில்லை. இன்மை என்றால் கதை முடிந்தது. சுருக்கம் என்றால் மறுபடி பெருக இடமிருக்கிறது. அந்த இடைக்காலத்தில் எப்படி நிற்பது என்பதைத்தான் அவர் பேசுகிறார்.

தோலில் விழும் சுருக்கம் விரிகிறதா என்று நீங்கள் கேட்கலாம். இல்லைதான். அதற்குப் பழந்தமிழில் தனியாகவே ‘திரை’ என்று ஒரு சொல் இருக்கிறது, நரை திரை மூப்பு என்று வரிசையாகச் சொல்வோம். அலை மாதிரி மடிந்திருக்கும் தோல். இப்போது எல்லோரும் சுருக்கம் என்கிறோம். முகப்பூச்சு விற்கிறவர்களுக்கு இந்தச் சொல்தான் வசதி. சுருக்கம் என்றால்தானே விரித்துத் தருவதாகச் சொல்லி விற்க முடியும்?

சுருக்கு என்று பிறவினையாக்கினால் அங்கே ஒரு கை வந்துவிடுகிறது, கூடவே கயிறும். சுருக்குப்பையைப் பற்றிப் பாட்டி, வெற்றிலை, எட்டணா என்று ஏற்கெனவே போதுமான அளவு எழுதிக் குவித்துவிட்டார்கள். எனக்கு அதன் பொறியமைப்பு பிடிக்கும். பையின் வாயைச் சுற்றி இரண்டு கயிறுகள். ஒன்று இடப்பக்கம் நுழைந்து இடப்பக்கமே வெளியே வரும், மற்றது வலப்பக்கம் நுழைந்து வலப்பக்கமே வரும். இரண்டையும் எதிரெதிராக இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். திறப்பதற்கென்று தனிக் கயிறு கிடையாது. இரண்டு விரலை உள்ளே நுழைத்து அகட்டினால் விரிந்துகொள்ளும். பையின் துணிக்கு ஒன்றும் ஆகவில்லை, மடிப்பு மட்டும்தான் விழுந்தது, எடுத்தது.

இதே பொறியமைப்பைக் கடலளவுக்குப் பெரிதாக்கினால் சுருக்குமடி வலை. அம்மா பிறந்தது தரங்கம்பாடிப் பக்கம் என்பதால் இந்தச் சொல் எங்கள் வீட்டில் அடிக்கடி புழங்கும். மேல் விளிம்பில் மிதவைகள், கீழ் விளிம்பில் எடைக் குண்டுகள், கூடவே வளையங்கள். அந்த வளையங்களுக்குள் ஓடுகிறது ஒரு கயிறு. மீன் கூட்டத்தைச் சுற்றிப் படகு ஒரு வட்டம் போட்டு வலையை இறக்கும். அப்புறம் அந்தக் கயிற்றை இழுத்தால் வலையின் அடிவாய் பையைப் போல மூடிக்கொள்ளும். கீழே தப்பிக்கப் பார்க்கிற மீனுக்கும் வழியில்லை. ‘மடி’ என்பது வலையின் பைப்பகுதி. சுருக்கு, மடி என்ற இரண்டு சின்னச் சொற்களில் அந்த வலை எப்படி வேலை செய்கிறது என்பதே முழுசாக வந்துவிட்டது. ஒரு கூட்டம் மீனை மிச்சமில்லாமல் அள்ளிவிடுகிறது என்று தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டிலேயே தடை போட்டார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவில், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று கட்டுப்பாடுகளோடு அனுமதி கொடுத்தது. அதாவது சுருக்கு வலைக்கே ஒரு சுருக்குப் போட்டிருக்கிறார்கள். இது சிரிக்கிற விஷயம் இல்லை. அந்த வலைக்காகக் கிராமமும் கிராமமும் முகம் பார்க்காமல் இருந்ததை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வாயை வைத்து ஒன்று செய்து பாருங்கள். சுருங்கு, சுருக்கு. ஒடுங்கு, ஒடுக்கு. நெருங்கு, நெருக்கு. அடங்கு, அடக்கு. முடங்கு, முடக்கு. தானாக நடந்தால் நடுவில் ‘ங்’, மூக்கு வழியாகக் காற்று கசிகிற மெல்லினம். இன்னொருவர் செய்தால் ‘க்’, காற்று அப்படியே நின்றுவிடுகிற வல்லினம். கூட்டத்தில் நெருங்கி நிற்கலாம், நெருக்கினால் சண்டை வரும். ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, ஒடுக்கப்பட்டவர் என்றால் கோபம் வருகிறது. அந்த மூக்கொலியை எடுத்துவிட்டால் சொல்லுக்குள் ஓர் ஆள் நுழைந்துவிடுகிறார். 1975 ஜூனில் நாட்டுக்கு வந்ததற்கு ‘நெருக்கடி நிலை’ என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருக்குக் காது நன்றாக இருந்திருக்கிறது.

ஒடுக்கு என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பித்தளைச் செம்புதான். கீழே விழுந்தால் ஒடுக்கு விழும். அதைத் தட்டி எடுக்கத் தெருவில் ஆள் வருவார், ஈயம் பூசுகிறவர்களோடு.

பேச்சில் சுருக்கு நேரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. “சுருக்கா வா” என்றால் சீக்கிரம் வா. “சுருக்குனு கோவம் வரும் அவனுக்கு” என்றால், ஊசி குத்துகிற வேகத்தில். எழுத்தில் சுருக்கெழுத்து. தட்டச்சுப் பயிலகப் பலகைகளில் இன்றும் இந்தச் சொல் பாக்கியிருக்கிறது. வாக்காளர் பட்டியலுக்கு வருகிற ‘சிறப்பு சுருக்கமுறைத் திருத்தம்’ என்ற அரசுத் தமிழை முதன்முதலில் பார்த்தபோது, பட்டியலையே சுருக்கப் போகிறார்கள் என்று பக்கத்து வீட்டு மாமா பதறிப்போய் ஓடியதும் நினைவிருக்கிறது.

சுருக்கிச் சொல்வது பற்றி இலக்கணக்காரர்கள் என்னைவிடக் கறாராக யோசித்திருக்கிறார்கள். நன்னூலில் பவணந்தி முனிவர் ஒரு நூலுக்கு வேண்டிய பத்து அழகுகளைச் சொல்கிறார். முதல் அழகு, சுருங்கச் சொல்லல். அடுத்ததே விளங்க வைத்தல். நூலில் வரக்கூடாத பத்துக் குற்றங்களையும் சொல்கிறார். முதல் குற்றம், குன்றக் கூறல். எனக்கு இது ரொம்பப் பிடித்த இடம். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் குறைத்துச் சொல்வதுதான். ஒன்று அழகு, மற்றது குற்றம், இரண்டுக்கும் முதலிடம். சுருங்கச் சொன்னதைப் படிக்கிறவர் தன் மனதில் விரித்துக்கொள்ள முடியும், ஒன்றும் தொலைந்துபோகவில்லை, மடித்துத்தான் வைத்திருக்கிறது. குன்றச் சொன்னதை எவ்வளவு உதறினாலும் விரிக்க முடியாது, சரக்கே அங்கே இல்லை. “வால்வு சுருக்கம்” என்பது குன்றக் கூறல். நான் அதைச் சுருங்கச் சொல்லல் என்று நினைத்துப் பல வருடம் எழுதியிருக்கிறேன்.

இலக்கணத்தில் ‘குறுக்கம்’ என்பது வேறு. ஐகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம் என்றெல்லாம் மனப்பாடம் செய்தோமே. ஐ என்ற எழுத்துக்கு இரண்டு மாத்திரை. ‘தலைவன்’ என்று சொல்லும்போது நடுவிலிருக்கும் ஐக்கு அவ்வளவு நேரம் கொடுப்பதில்லை, ஒரு மாத்திரைதான். எழுத்தின் வடிவம் மாறவில்லை, அது ஒலிக்கிற நேரம் மட்டும் குறைகிறது. ஐகாரச் சுருக்கம் என்று வைக்காமல் குறுக்கம் என்று வைத்தார்கள். நேரமும் ஒரு வழிதான், நீளம் உள்ள எதுவும் குறுகும்.

இறுகு என்பது இவை எல்லாவற்றையும்விடக் கல்நெஞ்சுக்காரச் சொல். அளவு மாற வேண்டியதே இல்லை, தன்மை மாறிவிடும். அதிரசப் பாகு ஒரு நிமிடம் கூடினால் இறுகிவிடும், அதே பாத்திரத்தில் அதே அளவு பாகுதான் இருக்கும். ஆனால் அது வேறொரு பொருள். முகம் இறுகுகிறது, மண் இறுகுகிறது, பேச்சுவார்த்தை நடக்கும் அறையில் சூழல் இறுகுகிறது. இவற்றுக்கெல்லாம் சூடோ ஈரமோ கொடுத்தால்தான் இளகும். சும்மா இழுத்துப் பிடித்தால் உடையும்.

இதையெல்லாம் இப்போது ‘டைட்’ என்ற ஒரே சொல் விழுங்கிக்கொண்டிருக்கிறது. சட்டை டைட்டு, கையில காசு டைட்டு, ஷெட்யூல் டைட்டு, நட்டை டைட் பண்ணு, இடம் டைட்டா இருக்கு. நானும்தான் சொல்கிறேன். புலம்பல் ஒன்றும் இல்லை, ஆனால் டைட்டின் எதிர்ச்சொல் எல்லாவற்றுக்கும் ‘லூஸ்’ ஆகிவிடுகிறது. ஒருவரிடம் “உங்க வால்வு டைட்டா இருக்கு” என்று சொன்னால் அவர் என்ன கேட்பார் என்று யோசித்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் அம்மாவிடம் காப்பியோடு உட்கார்ந்தேன்.

“வால்வு சுருங்கலைம்மா. அது இறுகிப்போச்சு. அதனால வழி குறுகிடுச்சு.”

“குறுகலா? நம்ம பழைய வீட்டுச் சந்து மாதிரியா?”

“அந்த மாதிரிதான்.”

அவள் இரண்டு வாய் காப்பி குடித்தாள். மயிலாடுதுறையில் அந்தச் சந்தில் சைக்கிளைச் சாய்த்துத்தான் உள்ளே கொண்டுபோக முடியும். “அப்ப மருந்துக்கெல்லாம் அகலாது. இடிச்சுத்தான் கட்டணும்” என்றாள். ஆறு பக்கத் துண்டறிக்கை சொல்லாததை அவளே சொல்லிவிட்டாள். முற்றிய நிலையில் இந்த நோயை மாத்திரையால் சரிசெய்ய முடியாது, வால்வைத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்த வாரம் டாக்டரிடம் அதையே கேட்டாள். “இடிச்சுக் கட்டுவீங்களா?” அவர் சிரித்துவிட்டார். நெஞ்சைத் திறந்து பழையதை வெட்டி எடுத்துவிட்டுப் புதியது தைப்பது ஒரு முறை. இன்னொன்று, தொடையில் இருக்கும் தமனி வழியாகவே புது வால்வை மேலே கொண்டுபோய் வைப்பது. 2002இல் பிரான்ஸில் அலென் கிரிபியே என்ற மருத்துவர் முதன்முதலாக ஒருவருக்கு நெஞ்சைத் திறக்காமல் வால்வு வைத்தார், அப்போது தொடையின் சிரை வழியாக. பழைய வால்வை எடுப்பதே இல்லை. அதன் இதழ்களைச் சுவரோரமாக ஒதுக்கித் தள்ளிவிட்டு நடுவில் புதியது உட்கார்ந்துகொள்ளும். அம்மாவின் வயதையும் உடம்பையும் பார்த்து இதுவே போதும் என்றார்.

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மாதிரியை எடுத்துக் காட்டினார். கம்பி வலை மாதிரி ஒரு சின்ன உலோகக் கூடு, உள்ளே மாட்டின் இதய உறையிலிருந்து செய்த மூன்று இதழ். விரித்து வைத்தால் இரண்டரை சென்டிமீட்டர் அகலம் இருக்கும். “இதைச் சுருக்கி, மெல்லிசான குழாய்ல வச்சு உள்ள அனுப்புவோம். சரியான இடத்துக்குப் போனதும் பலூன் ஊதி விரிச்சுவிடுவோம்.”

அம்மா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். விரலால் லேசாக அமுக்கினாள். அது அசையவில்லை.

“சுருங்கறது இதுதானா?” என்றாள்.

அவள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. மாடிக்கு இன்னும் ஏறவிடவில்லை. நான் அந்தத் துண்டறிக்கையை உட்கார்ந்து திருத்தி, தலைப்பை “பெருந்தமனி வால்வின் வாய் குறுகுதல்” என்று மாற்றி, கீழே இரண்டு வரி விளக்கமும் சேர்த்து அந்த மருத்துவமனைக்கு அனுப்பினேன். யாரும் கேட்காத வேலை. ஒரு பெண் போன் செய்தார், மரியாதையாகத்தான் பேசினார்.

“நல்லா இருக்கு மேடம். ஆனா தலைப்புல அவ்வளவு இடம் இல்ல. கொஞ்சம் சுருக்கமா தர முடியுமா?”